அம்மீட்டர் முள் சொன்ன கணக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிக்னல் பிராசசிங் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் என் மானம் போன கதையையே சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில் ஒரு பட்டறை. அங்கே ஒரு இண்டக்ஷன் மோட்டார். ரோட்டார் கம்பி உடைந்திருக்குமோ என்று சந்தேகம். நான்கு துருவ மோட்டார், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று, ரோட்டார் 1485. ஸ்லிப் 1 சதவீதம். கம்பி உடைந்திருந்தால் மின்னோட்டத்தில் 50-க்கு இருபுறமும், 49-இலும் 51-இலும், குட்டிக் கோடுகள் தெரிய வேண்டும்.

நொடிக்கு 2000 வீதம் 1024 மாதிரிகள் எடுத்து எஃப்.எஃப்.டி. போட்டேன். 50-இல் ஒரே மலை. "மோட்டார் நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர், ஃபிட்டர், மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்த அம்மீட்டர் முள்ளப் பாருங்க. நொடிக்கு ஒரு தரம் மூச்சு விடுது."

அப்போதுதான் உறைத்தது. 1024 மாதிரி என்பது அரை நொடிதான்! நொடிக்கு ஒருமுறை விடும் மூச்சை அரை நொடி பார்த்தால் என்ன தெரியும்? பதிவு எத்தனை நொடியோ, அதன் தலைகீழ்தான் பிரித்துக் காட்டும் திறன். எனக்குக் கிடைத்தது 1.95 ஹெர்ட்ஸ், தேவைப்பட்டதோ 1 ஹெர்ட்ஸ் இடைவெளி. தம்புராவில் இரண்டு தந்தி லேசாகப் பிசகினால், அலை எழும்பி அடங்கும்வரை காதைக் கொடுத்துக் காத்திருக்கிறோம் இல்லையா, அதே சங்கதி.

சும்மா இருந்தேனா? பின்னால் பூஜ்யங்களை ஒட்டி 8192 ஆக்கிப் பார்த்தேன். புள்ளிகள் நெருங்கின, மலை வழவழப்பானது; கோடு பிரியவில்லை. கேட்காத நேரத்தைப் பூஜ்யம் கொண்டுவருமா? மாதிரி வேகத்தைக் கூட்டலாமே என்பீர்கள். அதே 1024-ஐ நொடிக்கு 5000 வீதம் எடுத்தால் பதிவு இன்னும் சுருங்கும், திறன் 4.9 ஹெர்ட்ஸ், முன்னைவிட மோசம்.

கடைசியில் 16384 மாதிரிகள், சுமார் 8.2 நொடி. திறன் 0.12 ஹெர்ட்ஸ். ஹானிங் விண்டோ போட்டால் கோடு கொஞ்சம் தடிக்கும். ஆனாலும் எட்டுக் கட்டம் தள்ளி 49-உம் 51-உம் தனித்தனியாக நின்றன. அந்த எட்டு நொடியும் லோடு மாறக்கூடாது. மாறினால் ஸ்லிப் மாறி கோடு ஈஷிக்கொள்ளும். பெரியவர்தான் மெஷின் பக்கம் யாரையும் விடாமல் பார்த்துக்கொண்டார்.

மோட்டாரைப் பிரித்தார்கள். எண்ட் ரிங்கோடு சேரும் இடத்தில் இரண்டு கம்பிகள் விட்டிருந்தன. பெரியவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.