பம்புசெட் மீட்டர்கள் சொல்வதைக் கேளுங்கள்

(செஞ்சியில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



செஞ்சி வட்டாரத்தில் நெல், மணிலா, கரும்பு ஆகிய பயிர்கள் பெரிதும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. மணிலா காய் பிடிக்கும் தருணத்தில் மோட்டார் எரிந்துவிட்டால், காயில் கட்டி வருவதற்குள் பயிர் வாடிவிடும். காயில் கட்டும் செலவு ஒருபுறம், விளைச்சல் இழப்பு மறுபுறம். ஆனால் பெரும்பாலான மோட்டார்கள் முன்னறிவிப்பு இல்லாமல் எரிவதில்லை. மின்பலகையிலுள்ள வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அவற்றைப் பார்த்துப் பழுதை அறிவது எப்படி என்று காண்போம்.

முதலில் வோல்ட் மீட்டர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளும் சேர்ந்ததுதான் செஞ்சிக் கோட்டை. அதுபோல மூன்று பேஸும் ஒழுங்காக வந்தால்தான் அது மும்முனை மின்சாரம். எந்த இரண்டு பேஸுக்கு இடையிலும் சுமார் 415 வோல்ட் இருக்க வேண்டும். மோட்டாரைப் போடும் முன் செலக்டர் சுவிட்சைத் திருப்பி மூன்று நிலைகளிலும் பாருங்கள்.

மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மோட்டாரைப் போடலாம். 350 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் போட வேண்டாம். வோல்ட் குறையும்போது மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறும். ஒரு நிலையில் மட்டும் சரியாகவும், மற்ற இரண்டில் மிகக் குறைவாகவும் காட்டினால் ஒரு பேஸ் வரவில்லை என்று பொருள். மூன்று விளக்குகளும் நன்றாக எரிந்து, முள் மட்டும் அசையாவிட்டால் மீட்டரையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போய்விட்டால், ஓடும் மோட்டாரே அந்தக் கம்பியில் வோல்ட்டை உண்டாக்கும். வோல்ட் மீட்டரும் விளக்கும் எல்லாம் சரி என்பதுபோலக் காட்டும். ஆகவே உறுமல் சத்தம் கேட்டால் உடனே மோட்டாரை நிறுத்திவிட்டு, அதன் பிறகே வோல்ட்டைப் பாருங்கள்.

அடுத்து ஆம்பியர் மீட்டர். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். உங்கள் மோட்டாருக்கு உரிய அளவு அதன் பெயர்த்தகட்டில் இருக்கும்.

1. ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைந்து தண்ணீரும் குறைந்தால், கிணற்று மட்டம் இறங்கியிருக்கலாம், புட்வால்வு அடைத்திருக்கலாம், உறிஞ்சுகுழாயில் காற்று நுழையலாம்.

2. ஆம்பியர் கூடினால், வோல்ட் குறைவு, பேரிங் தேய்வு, பம்பு இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள்.

3. மோட்டார் உறுமும்போது முள் பூஜ்யத்தில் நின்றால், மீட்டர் இருக்கும் பேஸே போய்விட்டது. மற்றொரு பேஸ் போயிருந்தால் முள் ஏறத்தாழ 1.7 மடங்கு ஏறும். இரண்டிலும் உடனே நிறுத்த வேண்டும்.

4. கம்பம் அல்லது ஒயர் வேலைக்குப் பிறகு தண்ணீர் குறைந்தால், மோட்டார் எதிர்ப்புறம் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஏதேனும் இரண்டு ஒயர்களை எலக்ட்ரீசியனைக் கொண்டு மாற்றினால் சரியாகும்.

ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுகிறது என்பதற்காக ரிலேயை ஏற்றி வைக்காதீர்கள். நேரடி ஸ்டார்ட்டரில் பெயர்த்தகட்டு ஆம்பியருக்கும், ஸ்டார்-டெல்டாவில் பொதுவாக அதில் 58 விழுக்காட்டுக்கும் ரிலே இருக்க வேண்டும். பியூஸில் தடித்த கம்பி போடுவதும் மோட்டாருக்கு எமனாகும். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்போர் அதை மும்முனை நிலையிலேயே வைப்பது நலம். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர் கருவியையும் பொருத்துங்கள்.

மோட்டாரைவிட உயிர் பெரிது. மெயின் சுவிட்சை அணைக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். மின்கம்பத்துப் பியூஸைத் தொடாமல் மின்வாரிய ஊழியரை அழையுங்கள். செஞ்சியின் பாறை நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும்; தவறாமல் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

இன்றே ஒன்று செய்யுங்கள். மோட்டார் நன்றாக ஓடும்போது காட்டும் வோல்ட்டையும் ஆம்பியரையும் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். நாள்தோறும் முள்ளை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பழுது சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். மோட்டாரையும் பயிரையும் காத்துப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.