தேறலும் சரக்கும்



காரைக்கால் என்றதும் தமிழுலகம் நினைப்பது ஒரு மாங்கனியை. சேக்கிழார் கூறும் வரலாற்றில் பரமதத்தன் எஞ்சியிருந்த ஒரு கனியை உண்டு மகிழ்கிறான், இன்னொன்று வேண்டுகிறான். அந்த இரண்டாவது கனி நாவிற் பட்டதுமே, இது முன்னையது போன்றதன்று என்று தெளிந்துவிடுகிறான். புனிதவதியார் அம்மையாராகும் கதை ஒரு வணிகனின் நாவிலிருந்து திரும்புகிறது. பரமதத்தன் பக்தனும் அல்லன், புலவனும் அல்லன். சரக்கை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரம் காண்பவன். அந்த ஊரில் நின்றுகொண்டு சுவையின் தீர்ப்பைப் பற்றிப் பேசுவது பொருந்தும். பேச எடுத்துக்கொண்ட பொருள்தான் சிலருக்கு நெருடலாக இருக்கலாம்: ஏழையும் வாங்கி அன்றாடம் அருந்தும் மலிவான மது.

கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்க இது ஏன் என்ற வினா எழும். வள்ளுவர் கூறியதற்கு மறுப்பு ஏதும் இங்கு இல்லை. ஆனால் அவருக்கு முற்பட்ட புலவர்கள் குடித்ததைப் போலவே, குடித்ததை அளந்தும் பார்த்தார்கள். அந்த அளவுகோல் என்னவாயிற்று என்பதே கேள்வி.

கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, அரியல், தேறல் எனச் சங்கப் பாடல்களில் மதுவுக்குப் பெயர்கள் பல. இவையெல்லாம் வெறும் ஒருபொருட் பன்மொழி என்று அகராதி சொல்லும். முற்றும் அப்படியன்று. பிழி என்பது பிழிந்தது. அரியல் என்பது அரித்தெடுத்தது. தேறல் என்பது தெளிந்தது. செய்முறையே பெயராயிற்று. தேறு என்னும் வினைக்குத் தெளிதல் என்றும், ஆராய்ந்து நம்புதல் என்றும் பொருள் உண்டு. கலங்கல் அடியில் தங்க, மேலே தெளிந்து நின்றதைத்தான் முன்னோர் நம்பி அருந்தினர் போலும்.

மதிப்பீட்டுக்கும் அவர்களிடம் உவமைகள் இருந்தன. பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், நாட்பட்ட தேறலின் வேகத்தைத் தேளின் கடுப்புக்கு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படையில் அது சினந்த பாம்பாகிறது. பறம்பைப் பாடும் கபிலர், நிலத்திற் புதைத்து முதிரவைத்த மட்டைச் சொல்கிறார். மலைபடுகடாத்தில் மூங்கிற் குழாயில் விளைந்த தேன்தேறல் வருகிறது. நன்மாறனுக்கோ யவனர் நற்கலத்திற் கொணர்ந்த, குளிர்ந்து மணக்கும் தேறல். இறக்குமதிச் சரக்கு அரசனுக்கு, வீட்டில் வடித்தது குடிகளுக்கு என்ற வேறுபாடு அன்றே இருந்திருக்கிறது.

அந்த வீட்டு வடிப்பைப் பெரும்பாணாற்றுப்படை அடுக்களைக் குறிப்புப் போலவே தருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, அதில் நல்ல அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயுடைய சாடியில் வழைச்சு நீங்க விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். உடன் சுட்ட மீன். அடை என்பதற்கு நெல்முளை என்று உரை கொள்வர். முளைவிட்ட தானியமே மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். அந்தச் சர்க்கரையே பின்னர் மதுவாக நொதிக்கும். வேதியியல் பிறக்காத காலத்தில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதை இரு நாள் கணக்கோடு பதிவு செய்துவிட்டார். வழைச்சு என்ற சொல்லைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். முதிராத பச்சைத்தன்மை என்பது அதன் பொருள். இன்றைய குடிப்பவர் எவரிடமும் இல்லாத சொல் அது.

அதே புலவர் பாடிய பட்டினப்பாலையின் களமோ காரைக்காலுக்கு வடக்கே, கடலோரமாகப் பயணித்தால் வந்துவிடும். கள் விற்கும் மனையின் முன்னே மணல் பரப்பி, மலர் தூவி, கொடி கட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் மீனும் ஊனும் பொரியும் ஓசை. ஒளிந்து நுழையும் கடையாக அது தோன்றவில்லை.

இங்கிருந்து கடல் கடந்து ஒரு பார்வை. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது பிரான்சை ஆண்டவர் பூர்போன் மரபின் பதினைந்தாம் லூயி. அம்மரபின் பெயரைத் தாங்கிய தீவுக்குத்தான், இன்றைய ரீயூனியனுக்குத்தான், 19ஆம் நூற்றாண்டில் காரைக்கால் துறையிலிருந்தும் கூலிகள் கரும்பு வெட்டக் கப்பலேறினர். அமெரிக்காவின் கென்டக்கி விஸ்கிக்கும், எவ்வழியிற் பார்த்தாலும், அக்குடியின் பெயரே வாய்த்தது. ஆங்கிலேயர் நாவில் அது பர்பன் ஆயிற்று. அங்கே அது பெரும்பாலும் ஆடம்பரப் பண்டமன்று. தொழிலாளி மாலையில் அருந்துவது. ஆயினும் அதற்கொரு வரம்புண்டு. தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம், உட்புறம் கரியாக்கப்பட்ட புதிய ஓக் மிடா, புட்டியில் அடைக்கையில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மது, நிறமேற்றக் கூடாது. மக்காச்சோளத்தோடு பெரும்பாலும் முளைவிட்ட வாற்கோதுமையும் சேர்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் அடை அங்கே போய்விட்டதோ என்று வியக்கத் தோன்றும்.

அதைச் சுவைப்போர் முதலில் முகர்கிறார்கள். சிறிது அருந்தி நாவிற் பரப்புகிறார்கள். சில துளி நீர் விட்டு மறுபடியும் பார்க்கிறார்கள். விழுங்கிய பின் தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்கிறார்கள். மலிவான புட்டியையும் விலையுயர்ந்ததையும் அருகருகே வைத்து, முன்னதே மேல் என்று சொல்லவும் தயங்குவதில்லை. பரமதத்தன் செய்தது இதுதான். மரத்தின் இனிப்பு, சோளத்தின் மென்மை, காரம், கசப்பு என்று அவர்களிடம் சொற்கள் இருக்கின்றன. இளமை மாறாத மதுவை இளமை மாறாதது என்று சொல்கிறார்கள். நம் வழைச்சு அவர்களிடம் உயிரோடிருக்கிறது.

அந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வெறும் சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றி விஸ்கியென விற்ற கலப்படம் அங்கும் மலிந்திருந்தது. 1897இல் ஒரு சட்டம் வந்தது: ஒரே வடிசாலை, ஒரே பருவம், நான்காண்டு முதிர்ச்சி, 50 விழுக்காடு மது, இவ்வளவும் இருந்தால்தான் அரசின் முத்திரை.

காரைக்காலுக்குத் திரும்பலாம். இங்கே பனையும் தென்னையும் உண்டு. பாளையைக் கட்டி, மெல்லத் தட்டி, நுனி சீவிக் கலயம் மாட்டினால் வடிவது இனிய நீர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். காலைக் கள் இனிப்பு; மாலைக் கள் புளிப்பு; அதற்கும் பிந்தினால் காடி. ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு மதுவுள்ள இந்த ஏழைப் பானத்தை நுரை, நிறம், மணம் கொண்டு மதிப்பிடத் தெரிந்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் குற்றம். வாஞ்சூர்ச் சாவடிக்கும் பூவத்துச் சாவடிக்கும் இப்பால் அது உரிமம் பெற்ற பண்டம். எல்லை கடந்து வருவோர் தேடுவதோ பெரும்பாலும் கள்ளை அன்று, புட்டியை. விலை குறைவு என்பதே அவர்கள் அறிந்த ஒரே அளவுகோல்.

புட்டிக்குள் இருப்பது என்ன? மலிவான விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றுட் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றியவை, மது 42.8 விழுக்காடு. தானியத்தின் சுவடோ மரத்தின் சுவடோ அரிது. அருந்துவோர் அதை ஒரே மூச்சில் விழுங்குவது, சுவை நாவில் தங்கிவிடக் கூடாதே என்பதற்காக. அதற்கு வைத்திருக்கும் பெயரும் ஒன்றுதான்: சரக்கு. பரமதத்தன் தரம் பிரித்துப் பார்த்த சொல், தரமே கேட்காத சொல்லாகிவிட்டது. ஏறுகிறதா, ஏறவில்லையா, அதற்குமேல் ஆய்வில்லை.

நா விழித்திருந்தாலே போதும் என்று கூறுவதும் பேதைமை. மெத்தனாலை மணத்தாலும் சுவையாலும் பிரித்தறிவது மிக அரிது. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் அதைக் குடித்தே மாண்டனர். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களின் முன் அழுத காட்சியைக் கண்டவர்க்கு, தேறலின் அழகைப் பேசுவது நாக்கூசும். அங்கே காக்க வேண்டியது சட்டமும் சோதனைக் கூடமும். ஆனால் அவை எழக் கேட்போர் வேண்டும். கென்டக்கியின் மலிவுக் குடிகாரர் புட்டியைத் திருப்பி, ஆண்டும் விழுக்காடும் எங்கே என்று படிக்கிறார். இங்கே அந்தக் கேள்வியைக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பின்னால் நிற்பவர் சீக்கிரம் நகருங்கள் என்பார்.

அதியமான் இறந்தபோது ஔவையார் புலம்பிய பாட்டில், கள் சிறிதே இருந்தால் அதைத் தமக்குத் தந்துவிடுவானே என்ற நினைவுதான் முதலில் வருகிறது. கொஞ்சமே இருந்தபோதும் அது பரிசாக இருந்தது. கொடுத்தவன் எதைக் கொடுத்தான் என்பதை அவர் அறிந்திருந்தார்.