சிறுநீரகமும் நம் சாப்பாட்டு இலையும்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் டாக்டர் ஒருவர் நிகழ்த்திய உரை)



பல வருஷங்களாகச் சிறுநீரக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். ஆனால் இன்று என் சொந்த அத்திம்பேர் விஷயத்தில் நான் கோட்டைவிட்டதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

அவருக்கு வெகுநாளாக ரத்தக்கொதிப்பு. ஒருநாள் கிரியாட்டினின் 2.1 என்று ரிப்போர்ட் வந்தது. "புரதம் ஆகாது" என்று யாரோ சொல்லிவிட, மறுநாளே பருப்பு, பால், தயிர் மூன்றையும் நிறுத்திவிட்டார். வேளாவேளைக்குக் கஞ்சி, இல்லாவிட்டால் தெளிவு ரசம் சாதம். வாய்க்கு ருசியாக உப்பு நார்த்தங்காயும் சுட்ட அப்பளமும். ஆறு மாதத்தில் 8 கிலோ இளைத்தார். கிரியாட்டினினும் 1.8 ஆகக் குறைந்தது. அக்கா போனில் சந்தோஷமாகச் சொன்னாள். நானும் "பேஷ்" என்றேன். என்ன சாப்பிடுகிறார், எடை எவ்வளவு என்று கேட்கவில்லை.

கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாவது. தசை கரைந்தால் அதுவும் குறையும். சிறுநீரகம் தேறுகிறது என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் அவர் உடம்பு கரைந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் மாரடைப்பில் காலமானார். டயாலிசிஸ் வரை போகவே இல்லை.

இது அபூர்வமான கதை அல்ல. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் டயாலிசிஸ் கட்டத்தை எட்டுகிறவர்களைவிட, அதற்கு முன்பே காலமாகிறவர்கள் அதிகம். இருதயமும் ரத்தக்குழாய்களும் கெடுவதே அதற்கு முக்கியக் காரணம்.

ஏன் அப்படி? விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. அதற்கு அழற்சி என்று பெயர். முள்ளை எடுத்தால் அடங்கிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கோ அது வெளியே தெரியாமல், சாம்பலுக்குள் நெருப்பு மாதிரி உடம்பு முழுவதும் கனன்றுகொண்டே இருக்கிறது. தசையைக் கரைப்பதிலும், ரத்தக்குழாயின் உட்புறச் சவ்வைப் புண்ணாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. சாப்பாட்டில் மூன்று விஷயங்களைக் கவனித்தால் இதைக் கொஞ்சம் தணிக்கலாம்.

முதலாவது நார்ச்சத்து. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் புரதத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் சிதைப்பதால் இண்டாக்சில் சல்பேட் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. பழுதான சிறுநீரகத்தால் அவற்றை வெளியேற்ற முடியாது. அவை ரத்தக்குழாயைத் தாக்கும். நார்ச்சத்து போதுமான அளவு இருந்தால் பாக்டீரியாக்கள் அதை எடுத்துக்கொள்ளும், நச்சு குறையும். அவரைக்காயும் புடலங்காயும் முழுதானியமும் இதற்குத்தான் வேண்டும்.

இரண்டாவது பாஸ்பேட். இது ரத்தத்தில் மிகுந்தால் ரத்தக்குழாயின் தசைச் செல்கள் எலும்புச் செல்களைப் போல் மாறி, குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்துப் போகிறது. இங்கே நம் சைவச் சாப்பாடு நமக்கு அனுகூலம். பருப்பில் உள்ள பாஸ்பேட்டில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேரும். 2011-ல் அமெரிக்காவில் இண்டியானாவில் 9 நோயாளிகளுக்கு ஒரு வாரம் சைவ உணவும் ஒரு வாரம் மாமிச உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் புரதமும் பாஸ்பேட்டும் ஒரே அளவு. ஆனாலும் சைவ வாரத்தில் ரத்தத்தில் பாஸ்பேட் குறைவாக இருந்தது. ஆனால் பாக்கெட் பண்டங்களிலும் கோலா பானங்களிலும் சேர்க்கும் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய்விடும். பாக்கெட்டின் பின்புறம் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை எண்கள் இருந்தால் அது பாஸ்பேட் என்று அறிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது உப்பு. இதில்தான் நம் ஆத்துச் சமையல் தோற்றுப்போகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், மாவடு, வடாம், மோர்மிளகாய், அப்பளம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். அப்பளக்காரத்திலும் சோடியம்தான். உப்பு மிகுந்தால் நீர் தங்கும், கொதிப்பு ஏறும், மாத்திரையின் பலனும் குறையும். இந்துப்புக்கு மாறினால் போதும் என்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறினால் இருதயத் துடிப்பே நிலைகுலையலாம். டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

பொட்டாசியம் ஏற்கெனவே அதிகமாக உள்ளவர்கள் இளநீர், வாழைப்பழம் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சிராத்தச் சமையலில் வரும் வாழைக்காய், சேனை, சேப்பங்கிழங்கு மூன்றிலும் அது நிறைய உண்டு. சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டால் கணிசமாகக் குறையும். பொட்டாசியம் சரியாக உள்ளவர்கள் பயந்துகொண்டு காய்கறியை விடவேண்டியதில்லை.

புரதத்துக்கு வருகிறேன். அளவு வேண்டும், பட்டினி கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்ளாதவருக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் என்கிறது 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 48 கிராம். 30 கிராம் துவரம்பருப்பில் ஆறு கிராமுக்குச் சற்று அதிகம், 200 மில்லி பாலில் சுமார் 6 கிராம். சாதத்திலும் கொஞ்சம் இருக்கிறது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு தேவை 1.0 முதல் 1.2 கிராம் வரை கூடும். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரும் உணவு ஆலோசகரும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பக்கத்து ஆத்து மாமா சொல்லக்கூடாது.

உறவுகள் ஊருக்கு ஒருவராக இருக்கிறோம். ஒருவருக்கொருவர் விசாரிப்பது போனில்தான். கிரியாட்டினின் குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுங்கள். கூடவே, எடை எவ்வளவு, இன்று தட்டில் என்ன என்றும் கேளுங்கள். அத்திம்பேரிடம் நான் கேட்காமல் விட்டது அந்த இரண்டு கேள்விகளைத்தான்.