பாடத்தைப் பகுத்துப் படித்தல்

(ஓர்ஸ் ஹில்லில் நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாலை விளக்கேற்றியதும் நமது வீடுகளில் கேட்கும் சொல் ஒன்றுண்டு: "இருந்து படி." பிள்ளையும் இருக்கிறான், புத்தகமும் விரிந்திருக்கிறது. ஒரு மணித்தியாலங் கழித்துப் பார்த்தால் பக்கம் புரண்டிருக்கவில்லை. சோம்பேறி என்று ஏசுகிறோம். ஞாயிறுதோறும் தம்பிமாருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துவரும் நாங்களும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். அது பிழை என்பதை ஒரு தம்பியே எமக்குக் கற்பித்தான்.

சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டிய அவன், தான் பரீட்சைக்குப் போகப் போவதில்லை, துறைமுகத்தில் ஏதாவது வேலை பார்க்கப் போகிறேன் என்று நின்றான். கணிதம் வராதாம். "கணிதத்தில் எது வராது?" என்று கேட்டோம். "எல்லாந்தான், அண்ணா" என்றான்.

ஓர் இருபடிச் சமன்பாட்டைக் கொடுத்து, விடையைக் கேளாமல், ஒவ்வொரு படியாகச் செய்யச் சொன்னோம். பெருக்கினால் ஆறும் கூட்டினால் மறை ஐந்தும் வரும் இரண்டு எண்களைக் காணவேண்டும். இரண்டையும் மூன்றையும் சரியாகவே கண்டான். ஆனால் இரண்டுக்கும் மறைக்குறி இடவில்லை. வேறு கணக்குகளிலும் அதே இடத்திலேதான் வழுக்கினான். ஏழாம் எட்டாம் வகுப்பில் மறை எண்களைப் பெருக்குவதில் விட்ட பிழை, பத்தாம் வகுப்பில் "எல்லாம்" என்று பெருத்துவிட்டது! இரண்டு ஞாயிறுகள் அதை மாத்திரமே செய்தோம். அவன் பரீட்சைக்குப் போனான்.

இப்படிப் பகுப்பது புதுமையன்று. மிஷன் பாடசாலையில் படித்தவர்கள் நாங்கள். ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே கற்பித்தவர் என்பதை நினைக்கும்போது எமக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகும். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், பிள்ளைகளின் கையில் எடுத்த எடுப்பிலே பெரிய நூல்களைக் கொடுத்துவிடவில்லை. பாலபாடங்களை வரிசையாக எழுதினார். எழுத்து, சொல், சிறு வாக்கியம் என்று தொடங்கி நீண்ட வசனத்துக்குப் பிள்ளையை ஏற்றினார். ஒவ்வொரு புத்தகமும் முந்தியதன் மேலே நின்றது. இலக்கணத்தையும் சமயத்தையும் வினாவும் விடையுமாக்கித் தந்தார்.

அந்த வினாவிடை முறையை நாங்கள் வரலாற்றுப் பாடத்துக்குக் கையாள்கிறோம். "இன்றிரவு வரலாறு படிக்கப் போகிறேன்" என்று சொல்கிறவன் ஒன்றும் படிக்கமாட்டான். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று அவனுக்கே தெரியாதே! ஒரு பாடம்; அதில் ஒரு தலைப்பு; அத்தலைப்பை ஒரு கேள்வியாக மாற்றிக் கொப்பியில் எழுதவேண்டும். இரண்டு பக்கம் வாசித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு விடை எழுதவேண்டும். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததைப் பென்சிலால் வெட்டிவிடலாம். அந்தக் கோட்டை இழுக்கும்போது தம்பிமார் முகத்தைப் பார்க்கவேண்டும்!

மீதியை மறுநாளைக்கு வைத்தால் மறந்துபோகாதா என்று ஒரு தாயார் கேட்டார். ஜெர்மன் அறிஞர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்து 1885-இல் எழுதிவைத்தார்: பொருளற்ற அசைகள் பன்னிரண்டு கொண்ட வரிசைகளை ஒரே அமர்வில் 68 முறை ஓதியதால் உண்டான பயன், மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து ஓதியபோது 38 முறையிலேயே கிட்டியதாம். பரீட்சைக்கு முதல்நாள் விடியவிடிய விழித்திருக்கும் எமது பல்கலைக்கழகத் தோழர்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். (எமக்கும்தான்.)

ஒன்றை மட்டும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பாடத்தை வெட்டுகிறவன் மாணவனாகவே இருக்கவேண்டும். ரியூஷன் வகுப்புகளில் பிறர் வெட்டித் தரும் குறிப்புகளை அடுக்கி வைத்திருக்கும் பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறோம். துண்டுகள் அவர்களிடம் உண்டு. ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். தொடக்கத்தில் அண்ணன்மார் பக்கத்தில் இருக்கலாம். ஒரு மாதத்தில் பென்சில் தம்பியின் கைக்குப் போய்விட வேண்டும். வீட்டிலும் "படித்தாயா?" என்று கேளாமல், "இன்றைக்கு எந்தப் பகுதி முடிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறும் வகுப்பு உண்டு. ஆகப் பயமான பாடம் எதுவோ அந்தப் புத்தகத்தையும், ஒரு வெறுங் கொப்பியையும் பிள்ளைகள் கொண்டுவரட்டும். பென்சில் நாங்கள் தருவோம்.