கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை: போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(கூடுவாஞ்சேரியில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளை மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



எங்களிடம் உதவி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் டயாலிசிஸ், பிரசவம், இதய நோய் என்றுதான் வருவார்கள். சென்ற மாதம் ஒரு தாய் வேறு காரணத்துக்காகக் கடன் கேட்டு வந்தார். மகளுக்கு நிக்காஹ் பேசியிருக்கிறார்கள். பெண் கொஞ்சம் பருமன் என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொல்லிவிட, அவள் லைப்போசக்ஷன் செய்துகொள்ள ஒரு கிளினிக்கில் முன்பணமே கட்டிவிட்டாள். அத்தாவுக்குத் தெரியாது. அந்தத் தாய் கேட்ட கேள்விகளுக்கு அன்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்துவிட்டு இன்று சொல்கிறோம். இது கூடுமா கூடாதா என்பதை ஹஜ்ரத்திடம் கேளுங்கள்; நாங்கள் மருத்துவத்தை மட்டும் பேசுகிறோம்.

முதலில், இது எடை குறைக்கும் சிகிச்சையே அல்ல. வயிறு, தொடை, தாடைக்குக் கீழ் என்று சில இடங்களில் தோலுக்கு அடியில் தேங்கிய கொழுப்பை எடுத்து வடிவத்தைச் சரிசெய்வது, அவ்வளவுதான். ஒரே தடவையில் ஐந்து லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் ஆபத்து கூடும். சர்க்கரை நோயும் இதனால் தீராது. பிறகு கண்டபடி சாப்பிட்டால் மறுபடி பருமன்தான்.

அன்றைக்கு என்ன நடக்கும்? நிற்கவைத்து உடம்பில் பேனாவால் குறியிடுவார்கள். நம் பெண்களுக்குக் கூச்சம் தரும் விஷயம் இது. பெண் மருத்துவரோ நர்ஸோ உடன் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், தவறில்லை. பின் உப்புநீரோடு மரத்துப்போகும் மருந்தும், ரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்து அந்த இடத்தில் செலுத்துவார்கள். 1980களில் கலிபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் கொண்டுவந்த முறை இது. சில மில்லிமீட்டர் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, முன்னும் பின்னும் அசைத்து உறிஞ்சுவார்கள். இடத்தைப் பொறுத்து ஒரு மணி நேரத்திலும் முடியலாம், மூன்று நான்கு மணி நேரமும் ஆகலாம். பெரிய அளவில் செய்தால் முழு மயக்கம் கொடுப்பார்கள்.

முடிந்ததும் ஓரிரு நாள் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசியும். பயப்பட வேண்டாம். வீக்கம், கன்றிப்போன நிறம், மரமரப்பு எல்லாம் இருக்கும். இறுக்கமான உடுப்பை வாரக்கணக்கில் போட்டிருக்க வேண்டும். நம் மே மாத வெயிலில் யோசித்துப் பாருங்கள்! சரியான வடிவம் தெரிய மூன்று மாதத்துக்கு மேலாகும். அடுத்த மாத நிக்காஹுக்கு இது உதவாது.

ஆனால் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், கடும் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரத்தக் கட்டியோ கொழுப்போ நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

2022 மே மாதம் பெங்களூரில் கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குச் சென்று இறந்தார். வயது 21. பெற்றோருக்குச் சொல்லாமல் போனார் என்று செய்திகள் வந்தன. நமக்குப் பக்கத்திலும் நடந்தது. 2024 ஏப்ரலில், தாம்பரம் தாண்டி பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்காக வந்த 26 வயது புதுச்சேரி இளைஞர் இறந்தார். அது வேறு வகைச் சிகிச்சை. அரசு விசாரித்து அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது.

ஆகவே அழகு நிலையம் போன்ற இடத்தில் பணம் கட்டாதீர்கள். செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் பட்டம் பெற்றவரா, மயக்க மருந்து நிபுணர் கடைசிவரை கூட இருப்பாரா, ஐசியூ அதே கட்டடத்தில் உண்டா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் ஒன்றையும் மறைக்காதீர்கள். அழகுக்காகச் செய்வதற்குப் பொதுவாகக் காப்பீடும் கிடைக்காது.

அந்தத் தாய்க்குக் கடனை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. போன வாரம் மகள் அத்தாவிடம் தானே சொல்லிவிட்டாளாம். முதலில் கோபப்பட்டவர், பிறகு, "கட்டின பணம் போனால் போகட்டும், டாக்டரிடம் நானும் வருகிறேன்" என்றாராம். வரும் வாரம் மூவரும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆலோசனை கேட்கப் போகிறார்கள். எங்கள் குழுவிலிருந்து ஒரு சகோதரி உடன் போகிறார்.