பட்டா இல்லாதவர்களின் நிலம்



பட்டு நெய்கிற ஊரில் எண்ணெய்க் கிணற்றைப் பற்றி என்ன பேச்சு என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். கரணைத் தியாகிகளின் நினைவு அரங்கில் பேச வேண்டியதே அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்களின் போராட்டம் அது. அந்த நிலம் யாரும் போட்ட பிச்சை அல்ல. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் வந்த அரசாணையின்படி ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். நிபந்தனை இன்றும் தாளில் இருக்கிறது, நிலம் நம்மிடம் இல்லை.

இனி காவிரிப் படுகைக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் தந்ததும் ஊரே திரண்டது. ஜூன் 30இல் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. கேட்கப் போன மக்களுக்குத் தடியடி. உடன் நின்ற பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டோருக்குச் சிறை. ஜூலையில், இந்தப் போராட்டங்களை ஆதரித்துச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி வளர்மதி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் உள்ளே கழிந்துவிட்டன. அந்தத் தண்டனைக்குத் தீர்ப்பே தேவைப்படவில்லை.

1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்க வழிசெய்கிறது. கள்ளச் சாராயம் காய்ச்சுவோரோடு, குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போரும் அதில் அடக்கம். பஞ்சமி நிலத்தை வளைத்தவர் எவர் மீதும் அது பாய்ந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

ஆதரவாளரை அரசு ‘வெளியாள்’, ‘தூண்டிவிடுபவர்’ என்கிறது. நமக்குப் பக்கத்தில் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரத்துக்குச் சென்றவர்களையும் வழியிலேயே மறித்தார்கள். நைஜீரியாவில் ஓகோனி மக்களின் மண்ணை எண்ணெய்க் கம்பெனி பாழாக்கியதை எதிர்த்த எழுத்தாளர் கென் சரோ-விவா அந்த இனத்திலேயே பிறந்தவர். அவரையும் உடனிருந்த எட்டுப் பேரையும் 1995 நவம்பர் 10இல் தூக்கிலிட்டார்கள். ஆக, உள்ளாள் என்பதும் காப்பாற்றாது.

நம் கேள்வி இங்கே இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். நாற்று நட்டு, களை பறித்து, அறுத்த கைகளில் பெரும்பாலும் பட்டா இல்லை. வெண்மணியில் 1968இல் 44 பேரை எரித்ததும் கூலிக்காக நின்ற போராட்டத்தில்தானே! எண்ணெய்க் குழாய்க்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்தில் உரிமையுள்ளவர்களுக்கு, பயிர்ச் சேதத்துக்கு மேல், நில மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. அந்த வயலில் கூலி இழந்த பெண்ணுக்கு என்ன? ‘விவசாயி நிலம் விவசாயிக்கே’ என்று முழங்குகிற மேடையிலும் அவர் பெயர் வருவதில்லை. அவரைத் தன் வயலிலேயே வெளியாளாக்கியது கம்பெனி மட்டும் அல்ல, ஊரும்தான். இதைச் சொன்னால் போராட்டம் பிளவுபடும் என்கிறார்கள். சேரியை விட்டுவிட்டு ஊர் மட்டும் கூடினால், அது முன்பே பிளந்துதான் இருக்கிறது.

2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தைப் பலர் கொண்டாடினார்கள். அது புதிய கிணறுகளைத் தடுக்கிறது, சரி. ஏற்கெனவே ஓடுகிற திட்டங்களைத் தொடவில்லை. நிலமற்றவருக்கு ஒரு குழிகூடத் தரவில்லை.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊர் ‘ஏ’ பதிவேட்டைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களையும், இன்று அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமை மனு போட்டால் நகல் கிடைக்கும். படுகையில் அடுத்து நடக்கிற நிலப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு போவோம். கோரிக்கைத் தாளில் கூலிக்காரருக்கான இழப்பீட்டையும் பஞ்சமி மீட்பையும் எழுதச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடுவோம்.