வடசென்னைக்கு வேண்டும் சிறப்பாசிரியர்கள்
(விழா அவையில் ஆற்றப்பெற்ற உரை)



திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை முழக்குகின்றது. பிள்ளைகள் பலரும் அதைப் பொருட்படுத்தாமல் எழுதிக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை மட்டும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறுகின்றது. பயிற்சியில்லா ஆசிரியர் அதனை அடம் என்று கண்டிப்பார். பயின்ற ஆசிரியரோ, அவ்வொலி அக்குழந்தைக்குத் தாங்கவொண்ணா வேதனை என்பதை உணர்ந்து, இருக்கையைச் சாலைப்புறத்தினின்றும் மாற்றுவார். செயல் சிறிது, ஆயினும் அக்குழந்தை பள்ளியில் நிலைப்பதும் இடைநிற்பதும் இத்தகைய சிறு செயல்களையே பொறுத்துள்ளன.

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலையாக உலகறியச் செய்தது. தமிழில் இதனை ‘மதியிறுக்கம்’ என்றும் ‘புற உலகச் சிந்தனையின்மை’ என்றும் வழங்குவர். இரண்டும் முற்றும் பொருந்துவன அல்ல. அக்குழந்தையின் மதி இறுகிவிடவில்லை. புறவுலகை அது அறியாமலும் இல்லை. பல வேளைகளில் ஒலியும் ஒளியும் தொடுகையும் அதனை நம்மினும் மிகுதியாகத் தாக்குகின்றன. இது பெற்றோர் வளர்ப்பின் குற்றமன்று. மூளை வளர்ச்சியின் ஒரு வேறுபாடு. இதனை நீக்கும் மருந்து இல்லை. தக்க கல்வியே பெருந்துணை.

அக்கல்வியை அளிக்கும் முறையை ஆசிரியர் தனியே பயில வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் வளர்த்த ‘டீச்’ என்னும் முறை 1972 முதல் அம்மாநிலம் முழுவதும் பரவியது. அடுத்து என்ன நிகழும் என்பதைப் படங்களால் வரிசைப்படுத்திக் காட்டினால், குழந்தையின் அச்சம் தணிந்து கற்றல் தொடங்கும் என்பது அதன் சாரம். பேச்சு வாராத குழந்தைக்குப் பட அட்டைகளால் கருத்தறிவிக்கக் கற்பித்தல், ஒவ்வொரு நடத்தைக்கும் காரணம் தேடுதல், குழந்தைக்கேற்பத் தனித்திட்டம் வகுத்தல் ஆகியன ஆசிரியர் பயிலும் பாடங்கள்.

இந்தியாவில் இத்துறைக் கல்வியை 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றம் நெறிப்படுத்துகின்றது. பட்டம் பெற்றோர் சிறப்புக் கல்வியில் பி.எட். பயிலலாம், அதன்மேல் எம்.எட். உண்டு. மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெற்றவரே தகுதியுடைய சிறப்பாசிரியர். ஆகவே, சேருமுன் அப்படிப்பு மன்றத்தின் ஏற்பு பெற்றதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 2005-இல் தோன்றிய பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் சிறப்பாசிரியர் பயிற்சி அளித்து வருகின்றது.

சட்டமும் படிப்படியாக வளர்ந்துள்ளது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக வைத்தது. சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் 10 பேர்க்கு ஒருவரும், மேல்வகுப்புகளில் 15 பேர்க்கு ஒருவரும் என்னும் அளவில் ஆசிரியர் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பு கூறுகின்றது. பயின்றோர் இல்லையேல் தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிடும்.

எண்ணூரும் முட்டுக்காடும் சென்னைக் கடற்கரையின் இரு முனைகள். ஆலையில் ஷிப்டு வேலை செய்யும் தந்தையோ, காசிமேட்டில் மீன் விற்கும் தாயோ, குழந்தையை அத்துணைத் தொலைவு அழைத்துச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். வாரந்தோறும் இயலுமா? குழந்தை ஆசிரியரைத் தேடிச் செல்வதினும், ஆசிரியர் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருப்பதே முறை. அதற்கு இப்பகுதி இளையோரே பயிலவேண்டும்.

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தைப் போற்றுவது நம் மரபு. நம் இல்லத்துப் பட்டதாரிப் பெண்ணோ பிள்ளையோ இப்படிப்பை விரும்பினால், ‘வேறு படிப்பு இல்லையா?’ என்று தடுத்தல் வேண்டா. வசதியுடையோர், அயலகத்து ஏழை மாணவர் ஒருவரின் படிப்புச் செலவை ஏற்கலாம். அத்தகைய குழந்தையுள்ள இல்லத்தார், ஊரார் பேச்சுக்கு அஞ்சி விழாக்களுக்கு வாராதிருத்தல் வேண்டா, குழந்தையுடன் வருக. அக்குழந்தை அமைதியாய் அமர ஓர் ஒதுக்கிடம் அமைப்பதும் ஒலிபெருக்கியைச் சற்றே தணிப்பதும் நம் கடமை.